மாடிவீட்டுக்காரர்கள் காலி செய்த அன்று

…இரண்டு, தாராளமாக இரண்டு போடலாம், இல்லாத குரல் கேட்பது, முதல் நாள் ஆறு போட்ட இடத்தில் இன்றைக்கு இரண்டு, ஒரு எண்ணைத் தொடுவதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா, தொடு, தொட்டாயிற்று, திரையில் அந்தக் கட்டம் பச்சையாகிவிட்டது, அடுத்தது… யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகம், அன்றைக்கு ஐந்து, இன்றைக்கு மூன்று, மூன்றுகூட அதிகமோ, இல்லை, மூன்றே இருக்கட்டும், சந்தோஷம் வந்தது என்பதற்காக அள்ளி வீசக் கூடாது. முதலில் நீ உட்கார். நின்றுகொண்டே மதிப்பெண் போடுகிற ஆள் இந்தக் கட்டிடத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், நாற்காலி இருக்கிறது, சக்கரம் வைத்த நல்ல நாற்காலி, உட்காரத்தான் முடியவில்லை, ஜன்னல் வரைக்கும் நாலு எட்டு, திரும்ப நாலு எட்டு, அதற்கு மேல் நடக்க இந்த அறையில் இடமில்லை. எதிர் நாற்காலி இன்னும் கோணலாகத்தான் கிடக்கிறது, என் நோயாளி, அந்த லிஃப்ட்காரர், எழுந்துபோய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கீழே ஈசிஜி எடுக்கப் போயிருக்கிறார், போகிறபோது கதவுவரை போய்த் திரும்பி வந்து தண்ணீர் குடித்த டம்ளரைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டுப் போனார். முதல் நாள் அந்த டம்ளரைத் தொடவே மாட்டேன் என்றவர். இத்தனை சந்தோஷத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் விதிமீறல், சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

விதி என்றால் சாதாரண விதி இல்லை. மனச்சிதைவு நோய்க்கு ஒரு புது மாத்திரை, இன்னும் பெயர்கூட வைக்கவில்லை, வெறும் எண்தான், அதைச் சோதித்துப் பார்க்கிறோம். சேர்ந்தவர்களில் பாதிப்பேருக்கு அந்த மாத்திரை, மீதிப் பாதிக்கு அதே நிறம், அதே வடிவம், உள்ளே மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது, எனக்குத் தெரியவே கூடாது. என் வேலை கேள்வி கேட்பது. நாற்பது நிமிடம் பேச்சு, அதை முழுக்கப் பதிவு செய்வது, பிறகு ஒரு மணி நேரத்துக்குள் முப்பது விஷயங்களுக்கு ஒன்றிலிருந்து ஏழுவரை எண் போட்டு அனுப்புவது, ஒன்று என்றால் ஒன்றுமில்லை, ஏழு என்றால் அதற்கு மேல் போக இடமில்லை. போன தடவை என்ன போட்டேன் என்று பார்க்க முடியாதபடி கணினியே மறைத்துவிடும், மறைத்து என்ன, எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே. மாத்திரையால் உடம்புக்கு என்ன ஆகிறது என்றும் நான் கேட்கக் கூடாது, அவர் ‘வாய் ஒரே வறட்சியா’ என்று ஆரம்பித்தாலே கையைக் காட்டி, அதைக் கீழ டாக்டர்கிட்ட சொல்லுங்க என்று நிறுத்திவிட வேண்டும், தெரிந்தால் எந்த மாத்திரை என்று ஊகித்துவிடுவேனாம், ஊகித்தால் என் எண் சாயுமாம். பயிற்சியில் எனக்குத்தான் முதலிடம். என்ன சொன்னாலும் முகத்தில் ஒரு கோடு அசையாது என்று, அன்றிலிருந்து எனக்குக் ‘கல்’ என்று பெயர். கல்லு சாப்பிட வரலியா, கல்லு இன்னைக்கு லீவா… வைத்துக்கொள்ளட்டும். கல்லுக்கு இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று இவர்களுக்கு என்ன தெரியும்.

முதல் நாள் அவர் வந்தது நேற்றுப் போல இருக்கிறது. ஐம்பது வயது, இருபது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர், மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள், நாற்காலி நுனியில் உட்கார்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்கு மேலே மூன்று பேர் குடியிருக்கிறார்கள், இரண்டு ஆண், ஒரு பெண், ராத்திரி பகல் இல்லாமல் அவரைப் பற்றியே பேசுகிறார்கள், அவர் பல் தேய்த்தால் பல் தேய்க்கிறான் என்கிறார்கள், செருப்பு மாட்டினால் ஓடப் பார்க்கிறான் என்கிறார்கள். மனைவி தனியாக என்னிடம் சொன்னாள், “எங்களுதுதாங்க கடைசி மாடி. அதுக்கு மேல தண்ணித் தொட்டிதான்.” அழுதுகொண்டே சொன்னாள், ஆனாலும் கடைசியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆறு போட்டேன். ஏழுக்கும் ஆறுக்கும் நடுவில் கால் மணி நேரம் தவித்துவிட்டு ஆறு. அப்புறம் இரண்டாவது வாரம், மூன்றாவது வாரம், எண் நகரவே இல்லை, வெற்று மாத்திரைக்காரர் போலிருக்கிறது என்று மனசு சொல்லும், வாயை மூடு என்று நான் மனசைச் சொல்வேன். இன்றைக்கு ஐந்தாவது வாரம். உள்ளே வந்தார், சட்டைப் பொத்தான் எல்லாம் சரியான துளையில், உட்கார்ந்தார், முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார், என்னைப் பார்த்து “வெயில் ஜாஸ்தி இல்ல மேடம்” என்றார். இத்தனை வாரத்தில் அவராக எடுத்த முதல் பேச்சு. அதன் பிறகு மாடிவீட்டுக்காரர்களைப் பற்றிக் கேட்டதும் கொஞ்சம் யோசித்து, உதட்டோரம் சிரித்துக்கொண்டே, “காலி பண்ணிட்டாங்க போல மேடம். சொல்லிட்டுக்கூடப் போகல” என்றார். நகைச்சுவை. மனச்சிதைவின் நடுவிலிருந்து ஒரு மனிதன் தன் நோயைத் தானே கிண்டல் செய்கிறான், இதற்கு எந்தக் கட்டத்தில் எண் போடுவது, அப்படி ஒரு கட்டமே இல்லையே அந்த முப்பதில். மேஜைக்கு அடியில் என் இரண்டு கால்களும் ஆடின. முகம் அசையவில்லை, அது மட்டும் சத்தியம்.

இது வேலை செய்கிறது. சொல்லக் கூடாது, நினைக்கவும் கூடாது, ஆனால் இது வேலை செய்கிறது… ஒரு ஆளை வைத்து என்ன தெரியும், நூற்றுக்கணக்கான பேர், எத்தனையோ ஊர், எல்லா எண்ணும் சேர்ந்து கணக்கு முடிய இன்னும் ஒரு வருஷமாவது ஆகும், தெரியும், எல்லாம் தெரியும், ஆனாலும் மனசு அவிழ்த்து விட்ட கன்றுக்குட்டி மாதிரி ஓடுகிறது, எங்கே ஓடுகிறது, நேரே வீட்டுக்கு, வீட்டில் என் தம்பியிடம். இருபத்தொரு வயதில் அவனுக்கு வந்தது, இப்போது முப்பத்திரண்டு. அப்பா அம்மா போன பிறகு நானும் அவனும்தான். மூன்று மருந்து மாற்றிப் பார்த்தாயிற்று, ஒன்று அவனைக் குண்டாக்கியது, ஒன்று கையை நடுங்க வைத்தது, இப்போது சாப்பிடுவது அவனைப் பாதி நாள் தூங்க வைக்கிறது, ஆனால் அடக்கமாக இருக்கிறான், நல்லா இருக்கேன்க்கா என்கிறான், அதற்கு மேல் என்ன கேட்பது என்று இருந்துவிட்டேன். இந்த வேலைக்குச் சேரும்போதே சொல்லிவிட்டேன், வீட்டில் ஒருவனுக்கு இந்த நோய் இருக்கிறது என்று, படிவத்தில் எழுதியும் கொடுத்தேன், பெரிய டாக்டர் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, “அதனாலயே நீ ஜாக்கிரதையா இருப்பே” என்றார். இருக்கிறேனே, ஜாக்கிரதையாகத்தானே இருக்கிறேன். ஆனால் இந்த மாத்திரை மட்டும் தேறிவிட்டால், கடைக்கு வந்துவிட்டால்… அவன் காலை ஏழு மணிக்கு எழுந்திருப்பான், நடுங்காத கையால் சவரம் செய்துகொள்வான், பழையபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போய்விட்டு நேரம் கழித்து வருவான், நான் வாசலில் நின்று திட்டுவேன், எங்கடா போனே என்று வாய்நிறையத் திட்டுவேன், திட்டுவதற்கு ஒரு காரணம் கிடைத்தாலே போதும் எனக்கு. போதும் நிறுத்து. கண்ணைத் துடை. இன்னும் பதினெட்டுக் கட்டம் பாக்கி இருக்கிறது.

ஆனால் அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அந்த நகைச்சுவையை மறுபடி கேட்டுவிடுகிறேன். சந்தேகம் வந்தால் பதிவைப் போட்டுக் கேட்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது, எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை, ஆசைதான், ஆசைக்குக் கேட்கக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லையே. ஹெட்போனை மாட்டு, எங்கே இருந்தது அது, பதினாறாவது நிமிடமா, பதினேழா, கொஞ்சம் முன்னாலிருந்தே போடு… ஒரு பெண் பேசுகிறாள். யார் இது, இவ்வளவு உற்சாகமாக, பிறந்த நாள் வீட்டில் பேசுகிற மாதிரி… நானா, என் குரலா இது. “அந்தச் சத்தமெல்லாம் இப்ப குறைஞ்சிருக்குமே?” என்கிறேன். குறைஞ்சிருக்குமே. அச்சடித்த தாள் மேஜையில்தான் இருக்கிறது, மூன்றாவது கேள்வி, ‘மற்றவர்களுக்குக் கேட்காத சத்தமோ குரலோ உங்களுக்குக் கேட்கிறதா?’, அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கக் கூடாது, பயிற்சியில் இதற்கு மட்டும் இரண்டு நாள், நானே போன மாதம் புதிதாகச் சேர்ந்த இருவருக்கு வகுப்பு எடுத்தேன், வாயில் வார்த்தையைத் திணிக்காதீங்க, காத்திருங்க, அவங்க பேசட்டும்… பதிவில் அவர் பேசவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு நொடி. அப்புறம் என் குரல், தாங்க முடியாமல், “ம்ம்? பரவால்லதானே?” அப்புறம் அவர், “ஆமா மேடம்.” உடனே நான் ஒரு பெருமூச்சு விடுகிறேன், அதுகூடப் பதிவாகியிருக்கிறது, பரீட்சையில் பிள்ளை பாஸானதும் தாய் விடுகிற மூச்சு. முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டேன், குரலை விட்டுவிட்டேன். இந்தப் பதிவை வேறு ஊரிலிருந்து ஒருத்தர் சரிபார்ப்பார், பார்த்தால் என் மானம் கப்பலேறும், ஏறட்டும், அது இல்லை இப்போது கவலை. அந்த நான்கு நொடியில் அவர் என்ன சொல்ல வந்தார்? என் இரண்டு அவருடைய இரண்டா, இல்லை நானே கேட்டு நானே வாங்கிக்கொண்ட இரண்டா? இப்படி ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு அறையில் ஆசையோடு கேட்டு, ஆசையான எண்ணாகப் போட்டு, எல்லாம் சேர்ந்து ஒன்றுக்கும் உதவாத மாத்திரை ஒன்று கடைக்கு வந்து, அதை நான் என் கையாலேயே தம்பிக்குக் கொடுத்து…

ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும், லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை, படியில், கையில் பதிவுக் கருவி, மறு கையில் அந்தத் தாள். நோயாளி கட்டிடத்தை விட்டுப் போவதற்குள் ஒரு கேள்வியைத் திரும்பக் கேட்கலாம், காரணம் எழுதிவைக்க வேண்டும், எழுதுகிறேன், என் பிழை என்று கொட்டை எழுத்தில் எழுதுகிறேன், அவர் மட்டும் போயிருக்கக் கூடாது. போகவில்லை. ஈசிஜி அறையில் கட்டிலில் உட்கார்ந்து பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார், நர்ஸ் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், என் மூச்சிரைப்பைப் பார்த்து, முதல்ல உங்களுக்கு ஒரு ஈசிஜி எடுக்கணும் போலிருக்கே என்று சொல்லிவிட்டு, நான் சிரிக்காததைப் பார்த்து வெளியே போனாள். பதிவு பண்ணலாமா என்று கேட்டேன், தலையாட்டினார். தாளைப் பார்த்துப் படித்தேன், செய்தி வாசிக்கிற மாதிரி, ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், மற்றவர்களுக்குக் கேட்காத சத்தமோ குரலோ உங்களுக்குக் கேட்கிறதா. அப்புறம் வாயை இறுக மூடிக்கொண்டேன். நான்கு நொடி போயிற்று, ஐந்து, ஆறு, பேசாதே, நாக்கைக் கடித்துக்கொள், ஒன்பது… “கேக்குது மேடம்” என்றார். “தினமும் இல்ல. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை. முன்னெல்லாம் காதுக்குள்ளயே உக்காந்துக்கிட்டுப் பேசுவாங்க, இப்ப அடுத்த தெருவுல யாரோ பேசிக்கிற மாதிரி. என்ன சொல்றாங்கன்னே புரியல.” காலி செய்துவிட்டார்கள் என்று சொன்னீர்களே என்று நான் கேட்கவில்லை, கண்ணால் கேட்டிருப்பேன் போல. “அது பொய் இல்ல மேடம். ரெண்டு பேரு நிஜமாவே போயிட்டாங்க. அந்தப் பொம்பள மட்டும்தான் இன்னும் இருக்கு.” பொத்தானைப் போட்டு முடித்தார், பிறகு, நான் ஏதோ கோபித்துக்கொண்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, சமாதானம் சொல்கிற குரலில் சொன்னார், “மேல நீங்க அவ்வளவு ஆசையா கேட்டீங்க. உங்க சந்தோஷத்த எதுக்குக் கெடுக்கணும்னுதான்… வீட்லயும் அப்படித்தான் மேடம். அவ கேக்குற விதத்துலயே என்ன பதில் வேணும்னு தெரிஞ்சிடும்.”

மூன்று. இரண்டு இல்லை, மூன்று. திரும்பப் படியேறி வந்து அந்தப் பச்சைக் கட்டத்தைத் தொட்டு அழித்து மூன்று போட்டேன், ஒரே ஒரு எண்தான் வித்தியாசம், ஆறு மூன்றாகியிருக்கிறது, பாதி, அப்பாடா, ஆறு மூன்றாகியிருக்கிறதே, இது அவர் வாயிலிருந்து வந்த மூன்று, நான் திணிக்காதது, தட்டிப் பார்த்தால் ஓசை வருகிற மூன்று, இரண்டு பேர் நிஜமாகவே வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள், இதற்கு ஆடலாம், தாராளமாக ஆடலாம். மறுபடி நாலு எட்டு, நாலு எட்டு. மீதிப் பதிவையும் முதலிலிருந்து கேட்க வேண்டும், இன்னும் எங்கெங்கே ‘தானே’ போட்டிருக்கிறேனோ, எழுதிவைக்க வேண்டும், பெரிய டாக்டரிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும், திட்டட்டும், அடுத்த வாரம் வேறு ஆள் கேட்கட்டும், வெயிலைப் பற்றி அவர் பேசியது நான் கேட்டு வந்ததில்லையே, டம்ளரை எடுத்து வைத்தது நான் கேட்டு வந்ததில்லையே… அவ கேக்குற விதத்துலயே தெரிஞ்சிடும். என்ன பதில் வேணும்னு. மணி ஒன்றாகிறது. தினமும் ஒரு மணிக்கு நான் தம்பிக்குப் போன் செய்வேன், பதினோரு வருஷமாக ஒரே போன், சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, நல்லாத்தானே இருக்கே, மூன்றையும் ஒரே மூச்சில் கேட்பேன், அவன் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதிலாக, நல்லா இருக்கேன்க்கா என்பான், நானும் அந்தப் பெருமூச்சை விட்டிருப்பேன், நிச்சயம் விட்டிருப்பேன், தினமும் விட்டிருப்பேன், அவனும் தினமும் அதைக் கேட்டிருப்பான். ஊரில் உள்ள நோயாளிகளுக்கெல்லாம் அச்சடித்த கேள்வி, நாற்பது நிமிடம், அவனுக்கு அரை நிமிடம். சமையலறைக் குழாயை அவன் மணிக்கணக்கில் திறந்து விடுகிறான் என்று எத்தனை தடவை சத்தம் போட்டிருக்கிறேன், தண்ணீர் வீணாகிறது என்று சத்தம் போட்டேன், எந்தச் சத்தம் கேட்காமல் இருக்க அந்தத் தண்ணீர்ச் சத்தம் என்று இந்த முப்பது கேள்விக்காரி ஒரு நாள் கேட்டிருப்பேனா.

போனை எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான், எடுத்ததும் நான் கேட்பதற்கு முன்பே, “சாப்ட்டேன்க்கா, மாத்திரை போட்டாச்சு, நல்லா இருக்கேன்” என்றான், பாடம் ஒப்பிக்கிற பிள்ளை. சரிடா என்று வைத்துவிடலாம், வைக்கவில்லை. குரலைத் தரைமட்டத்துக்கு இறக்கி, ஆசையை எல்லாம் வழித்து எடுத்துவிட்டு, “டேய்… மத்தவங்களுக்குக் கேக்காத குரல் ஏதாச்சும் உனக்குக் கேக்குதா?” என்றேன். திரையில் நொடிகள் ஓடின. நான்கு, ஏழு, பன்னிரண்டு. லிஃப்ட்காரர் ஒன்பதிலேயே சொல்லிவிட்டார். இருபது. கேட்காமலே இருந்திருக்கலாமோ, அவன் நல்லா இருக்கேன் என்று மட்டும் இப்போது சொல்லிவிட்டால் எனக்கு எவ்வளவு நிம்மதி, சொல்லிவிடேன்டா… பார், இன்னும் எனக்கு அந்தப் பதில்தான் வேண்டியிருக்கிறது. இருபத்தாறு. அவன் தொண்டையைச் செருமினான், ரொம்ப நாளாகப் பேசாத ஆள் பேசப் போகிற மாதிரி.

“உனக்கு இப்ப நேரம் இருக்காக்கா?”